அரிசி டின்னுக்குள் ஒரு பொட்டலம்

ரஞ்சிதத்தின் கன்னம் உப்பியதுதான் லோகேஸ்வரனை உறுத்தியது. பதினெட்டு வருஷமாக ஒட்டிய கன்னத்தோடு தேயிலை வெட்டும் மிஷின் தூக்கிய மனைவிக்கு ஆறே மாதத்தில் முகம் வட்டமாகிச் சிவப்பேறினால் எந்தப் புருஷன் சும்மா இருப்பான்? தோட்டத்து லைன் வீடுகளில் எல்லோரும் அவளுக்கு வந்த வாழ்வைப் பார் என்றார்கள். அந்த வாழ்வு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுதான் அவனுக்கு மண்டை குடைந்தது. அவன் தோட்டத்து லோரியோடு காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவான். அவளோ ஞாயிறு தவறாமல் ரிங்லெட் டவுன் சந்தைக்குத் தனியாகப் போய்வந்தாள்.

ஒரு சனிக்கிழமை அரிசி டின்னைக் கிளறியபோது பொட்டலம் சிக்கியது. பெயரில்லாத பழுப்பு மாத்திரைகள். எவனோ வாங்கிக் கொடுத்து இவளை மினுக்குகிறான் என்று முடிவே கட்டிவிட்டான். அத்தனையையும் சாக்கடையில் கொட்டினான். மறுநாள் ரிங்லெட்டுக்குத் தானும் வருவதாகச் சொன்னான். அவள் போகவே இல்லை. அன்றைக்கு அரிசி டின்னில் கையை விட்டுத் துழாவினாள். காணோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும் அவனுக்கு?

செவ்வாய்க்கிழமை காலை அவள் வாந்தியெடுத்தாள். வயிற்றில் எவன் பிள்ளையோ என்று அவனுக்குப் பற்றி எரிந்தது.

“யாருடி அவன்?”

பதில் சொல்ல வாயெடுத்தவள் சுவரைப் பிடித்தபடியே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சாரதா அவனைத் தனியே அழைத்தார். வயிற்றில் பிள்ளையில்லை, சந்தையில் வலி மாத்திரை என்று விற்பதில் ஸ்டீராய்டு கலக்கிறார்கள், அதைத்தான் சாப்பிட்டிருக்கிறாள், முகம் ஊதியதும் அதனால்தான் என்றார்.

“கிட்னிக்கு மேல இருக்கிற சுரப்பியிலேருந்து ஒரு ஹார்மோன் வருதுங்க. அது செல்லுக்குள்ள போனாத்தான் ஈரல் சர்க்கரைய விடும், ரத்தக்குழாய் பிரஷரத் தாங்கும். இந்த மருந்தும் அதே வேலையத்தான் செய்யும், செல்லுக்கு வித்தியாசம் தெரியாது. வெளியிலேருந்து கிடைக்குதேன்னு சொந்தச் சுரப்பி தூங்கிடுச்சு. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சிருந்தா எழுந்திருக்கும். திடீர்னு யாரு நிறுத்தச் சொன்னா?”

“நான்தான் டாக்டர், கொட்டிட்டேன்” என்றான். அந்த அறையிலேயே செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து ரஞ்சிதத்துக்குப் பேச்சு வந்தது. மிஷின் தூக்கித் தோள் கழன்றுபோயிற்றாம். வலி என்றால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, சந்தையில் ஒரு கிழவியிடம் வாங்கினாளாம்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா?”



இப்போது டாக்டர் கொடுத்த மாத்திரையை மாதக்கணக்கில் மெல்லக் குறைத்து வருகிறார்கள். தினமும் காலையில் லோகேஸ்வரனே எடுத்துத் தண்ணீரோடு நீட்டுகிறான். அவள் உடனே விழுங்குவதில்லை. மாத்திரையைத் திருப்பிப் பார்க்கிறாள், அவன் முகத்தைப் பார்க்கிறாள்.

“பேரு போட்ட மாத்திரை அட்டையக் காட்டுங்க” என்கிறாள்.

அவன் காட்டுகிறான்.