நாலாவது தோள்

காஜா மைதீன், இறந்தவரைச் சுமக்கும் சந்தூக்கின் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். பள்ளிவாசலிலிருந்து டாலாவின் சேற்றில் அந்த மரச்சட்டத்தைத் தூக்கி வந்தவர்கள் அவரோடு சேர்த்து மூன்று பேர். மூவருமே கிழவர்கள்.

"இன்னும் ஒரு தோள் இல்லாம வாப்பாவ எப்படிம்மா தூக்குறது?"

ஷிரினுக்குத் தெரியாதா? பர்மியப் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று இளவட்டங்கள் எல்லாம் கிடைத்த திசையில் ஓடிவிட்டார்கள். ஊரைப் பொறுத்தவரை அவள் தம்பி மாஹிரும் தாய்லாந்தில்தான் இருக்கிறான். பட்டாளத்துக்கான சீட்டுக் குலுக்கலில் பெயர் விழுந்ததிலிருந்து உண்மையில் அவன் கிடப்பது இதோ, அவள் தலைக்கு மேலே, பரணில்.

கபன் துணிக்குள் படுத்திருக்கும் அவள் வாப்பா ஜுல்ஃபிகர், ஆற்றுக்கு அக்கரையில் நடைபாதையில் பழைய புத்தகம் விற்றவர். அட்டை போன கிரேக்க அகராதி ஒன்று விலைபோகாமல் அவரிடமே தங்கிவிட, அதில் மரச்சாமான் பெயர்களாகப் பார்த்துப் பொறுக்கினார். புத்தகப் பலகையைத் தாங்கும் முக்காலிக்குக் 'கில்லிபாஸ்'. கழுதையிலிருந்து வந்த பெயராம். "சுமக்குதுல்ல, கழுதைன்னு வச்சுட்டான் பாரு" என்று தானே சிரித்துக்கொள்வார். சந்தூக்குக்கு 'ஃபெரெட்ரான்', சுமந்து போவது. போன வாரம் அந்தச் சொல்லைச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை.

"எம்புள்ள தோள்ல போவணும் ஷிரின்."

அவளும் தலையாட்டி வைத்தாள், பாவி.

வாசலில் நிழல் தட்டியது. துக்கம் கேட்க வார்டு தலைவர் வந்திருந்தார். சீட்டுக் குலுக்கி எடுத்த அதே மனிதர். மகன் வரவில்லையா என்று பர்மிய மொழியில் கேட்டார். தாய்லாந்து, சயா, என்றார் காஜா மைதீன் பணிவாக. அவரும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தார்.

மேலே பலகை முனகியது. ஒரு கால் ஏணியைத் தேடித் தடவும் சத்தம். வாப்பாவைத் தூக்க இறங்குகிறான் மடையன். தலைவர் அண்ணாந்து பார்த்தார்.

விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஷிரின் ஓவென்று அலறினாள்.

"வாப்பா! யாரும் வர வேணாம் வாப்பா! நீங்க மட்டும் போங்க!"

"சத்தம் போட்டு அழக்கூடாதும்மா. மையித்தா இருக்குற வாப்பாவுக்கு வேதனை" என்றார் காஜா மைதீன்.

அவளுக்கும் தெரியும். தெரிந்தே இன்னும் ஓங்கி அழுதாள். பலகைச் சத்தம் அடங்கியது.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, காலியாக இருந்த மூலைக்குத் தன் தோளைக் கொடுத்தார். கலிமா ஓதும் குரல்களோடு சந்தூக் வாசலைத் தாண்டியது. மாஹிரைப் பிடித்துக் கொடுக்கத் தேடுகிறவரின் தோளில் வாப்பா போவதைப் பார்த்து ஷிரின் இன்னும் கதறினாள்.

பக்கத்து வீட்டு மைமூன் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "போதும் புள்ள. அவங்க போயிட்டாங்க."

நிறுத்தத்தான் பார்த்தாள். ஆனால் மேலே, வாயில் எதையோ அடைத்துக்கொண்டு மாஹிர் அழ ஆரம்பித்திருந்தான்.

ஷிரின் மறுபடியும் குரலை உயர்த்தினாள்.