அறுபத்து மூன்று காட்டிய பாட்டில்

தேக்கா சந்தைப் பக்கம் யாராவது வெங்காயம் வதக்கினால், தீவின் மறுகோடியான துவாஸில் இருந்தபடியே என்ன எண்ணெய் என்று சொல்லிவிடக்கூடிய மூக்கு முனீராவுக்கு. சரி, கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்: அதைவிடப் பக்கத்தில் இருக்கும் தஞ்சோங் பகாரிலிருந்து.

டீசலிலிருந்து கந்தகத்தைப் பிடுங்கும் கடுகளவு கறுப்பு உருண்டைகள்தான் அவளுடைய பல வருட உழைப்பு. சோதனைக்கூடத்தில் டீசல் அவற்றின் மேல் ஓடி வெளியே வரும்போது, பத்து லட்சம் பங்கில் கந்தகம் பத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுத்திகரிப்பு ஆலையிலிருந்து சிவகாமசுந்தரி மேடம் இன்று பார்க்க வருகிறார். எண் சரியாக இருந்தால் ஆலையில் உருண்டைகளைப் போடுவார்கள். இல்லையென்றால் திட்டத்துக்கு மூடுவிழா.

காலையில் கந்தகம் அளக்கும் எந்திரம் அறுபத்து மூன்று காட்டியது.

முனீராவுக்கு அறையே சுற்றியது. குளிர்பதனப் பெட்டியும் சுற்றியிருக்கும், வயர்தான் விடவில்லை.

"நேத்து ஏழுதானே. எதையாவது மாத்துனீங்களா அண்ணே?" என்று சாம்பிள் பிடித்து வந்த உதவியாளர் மருதப்பனிடம் கேட்டாள்.

"ஒண்ணும் மாத்தல லா. சூடு அதே, பிரஷர் அதே."

பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். டீசல் வாடை. அதற்கடியில், வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டு, இன்னொரு வாசம்.

"இது யாரு பாட்டிலு?"

"நம்ம பாட்டில் தீர்ந்துபோச்சு. வீட்டுலேர்ந்து கொண்டாந்தேன். என் வீட்டுக்காரி மங்களம் சோப்பு போட்டுத் தேய்ச்சிருக்கா. மின்னுது பாருங்க."

"முன்னாடி உள்ள என்ன இருந்துச்சு?"

மருதப்பன் கூரையை ஆராய்ந்தார். "பூண்டு ஊறுகாய்."

"பூண்டு வாசமே கந்தகம்தாண்ணே. மூடியில ஊறிக் கெடக்கு. அண்ணி ஊறுகா என் வேலையையே முழுங்கப் பாத்துச்சு."

"அவ ஊறுகா அப்படித்தான், லேசாத் தொட்டாலே தூக்கும்."

டீசல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிடிக்கத்தான் பாட்டில் இல்லை. பக்கத்துக் கட்டடச் சோதனைக்கூடத்துக்கு முனீரா பறந்தாள். வழியில் அவள் வேகத்தைப் பார்த்த ஒரு லாரி ஓட்டுநர் தன் வண்டிதான் பின்னோக்கிப் போகிறதோ என்று இறங்கிப் பார்த்ததாகக் கேள்வி. கடன் வாங்கிய புதுப் பாட்டிலோடு அவள் திரும்பியபோது மேடம் உள்ளே நின்று எந்திரத்தில் இருந்த அறுபத்து மூன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி பிடித்தார்கள். எந்திரம் முனகியது, யோசித்தது, பிகு செய்தது. கடைசியில் காட்டியது: ஆறு.

மருதப்பன் தாவியதில் கூரையில் அவர் தலை அச்சு இன்னும் இருக்கிறது.

"அப்ப அந்த அறுபத்து மூணு?" என்றார் மேடம்.

முனீரா பழைய பாட்டிலை நீட்டினாள். மேடம் முகர்ந்தார். கண்கள் மூடிக்கொண்டன.

"உருண்டைங்கள ஆலைக்கு அனுப்புங்க," என்றார். பிறகு மருதப்பன் பக்கம் திரும்பினார். "எனக்கு இதுல ஒரு பாட்டில். டீசல் கலக்காம."