சர்வேயர் வாங்கிய ரேடியேட்டர்

சர்வேயரின் இருபத்தாறு வயதுக் காரில் ரேடியேட்டர் பிளந்த செவ்வாய்க்கிழமை முதல், கார் சூடாவதே இல்லை, சர்வேயர் சூடானார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் எஞ்சின் ஓடியது, சூடு காட்டும் முள் அடியிலேயே கிடந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் அவருடைய சட்டைக் காலரிலிருந்து ஆவி கிளம்பும். வண்டியை ஓரங்கட்டி, அவர் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மறுபடி புறப்படலாம். நர்ஸ் வேலை பார்த்த அவர் மனைவி முதல் வாரத்திலேயே மூன்று தெர்மாமீட்டர்களைப் பறிகொடுத்துவிட்டு, இது மாத்திரைக்குக் கேட்கிற காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட்டார்.

புது ரேடியேட்டர் போட்டால் சரியாகிவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எது என்பதில்தான் சிக்கல். ஒரு வேலியைக்கூட மூன்று முறை அளக்காமல் கையெழுத்துப் போடாதவர் சர்வேயர். செம்பும் பித்தளையுமாகச் செய்தது கனம், ஆனால் ஓட்டை விழுந்தால் பற்றவைக்கலாம். அலுமினியம் இலேசு, சீக்கிரம் ஆறும். அதன் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். பழைய கார்களைப் பிரிக்கிற இடத்தில் கிடைப்பது கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் எந்த விபத்தில் அடிபட்டதோ தெரியாது. போதாக்குறைக்கு, அந்த மாடலில் ஒரு வருடத்தின் நடுவே போல்ட் துளைகளை இடம் மாற்றியிருந்தார்கள். அவர் கார் பிறந்தது சரியாக அந்த மாதத்தில்.

தெருவில் எல்லோரும் யோசனை சொன்னோம். முடிவெட்டுபவர் செம்பு என்றார், மருந்துக்கடைக்காரர் அலுமினியம் என்றார். இதை எழுதுபவன், "கறுப்பு பெயின்ட் அடிச்சதா பாத்து வாங்குங்க சார்" என்று ஆணித்தரமாகச் சொன்னான்; அவனிடம் இருந்தது ஒரு சைக்கிள், அதுவும் பஞ்சர். இப்படியே நாலு வருடம் போனது. சர்வேயர் ஏழு நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார், கருகிப்போன சீட் உறையை ஒன்பது முறை மாற்றினார், மகளுக்குக் கல்யாணம் செய்து மலைமேல் இருக்கிற ஊருக்கு அனுப்பினார். ரேடியேட்டர் மட்டும் வாங்கவில்லை.

பிரசவ வலி எடுத்துவிட்டதென்று மகள் போன் செய்த காலையில் மருமகன் வெளியூரில் இருந்தார். புருஷனும் பெண்சாதியும் காரில் ஏறினார்கள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஏற்றம். மனைவி பின்சீட்டிலிருந்து அவர் தலையில் ஊற்றிக்கொண்டே வந்தார். பதினாலாவது வளைவில் ஸ்டியரிங் உருகி சர்வேயருடைய விரல் தடங்கள் பதிந்தன. இருபதாவதில் தண்ணீர் தீர்ந்தது.

"நிறுத்துங்க, கொஞ்சம் ஆறட்டும்."

"அவ அங்க தனியா கெடக்குறா. பேசாம உக்காரு."

நிறுத்தவில்லை. மகளை ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்த அரை மணி நேரத்தில் பேத்தி பிறந்தாள். துணியில் சுற்றி மனைவி நீட்டியபோது, புருவம் பொசுங்கிப்போயிருந்த சர்வேயர் சுவர் வரை பின்வாங்கினார். "வேணாம், சுட்டுரும்" என்றார். வெளியே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவர் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைக்கத் துடைக்க மங்கியது. "ஏழு நோட்டு எழுதினியேடா, மடையா" என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டது உள்ளே கேட்டது.

அப்படியே அந்த ஊர் உதிரிபாகக் கடைக்கு நடந்தார்.

"என்ன மாடல் சார், எந்த வருஷம்?"

"உங்க கைக்கு எது எட்டுதோ அதக் குடுங்க."

அங்கிருந்த மெக்கானிக் புதிதாக இரண்டு துளை போட்டு மாட்டினார். முள் அசைந்தது, கார் முறைப்படி சூடாகி, முறைப்படி ஆறியது. மூன்றாம் நாள் சர்வேயர் பேத்தியை வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் எங்கள் மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்துச் சிரித்தார். அது சின்ன எஞ்சினுக்கானது. மூன்று வரிசைக் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. மிச்சம் ஒரு பங்கு வெப்பம், மலை ஏறும்போதெல்லாம் சர்வேயரிடமே வந்து சேர்கிறது.

"அளந்து பாத்து வேற மாத்திரலாமா?" என்று மனைவி கேட்டார்.

"இருக்கட்டும். மேல குளிரு ஜாஸ்தி."

மாதம் ஒருமுறை, அப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி அங்கே போய் இறங்குகிறார். பேத்தி அவர் நெஞ்சில் ஏறியதும் தூங்கிவிடுகிறாள். மகள், குழந்தையின் ஈரத் துணிகளை அவருடைய இரண்டு தோளிலும் காயப்போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறாள்.