புருவத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில்

யதுசாவின் வலது புருவத்தில் ஐந்து தையல் போட்டிருந்தார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "ஒண்டுமில்லை, கண்ணாடி அடிச்சுப்போட்டுது" என்றாள்.

மதீசன் அவளுடைய தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினான். காயம் பிறை வடிவத்தில் இருந்தது. சுட்ட வேகத்தில், துவக்கின் மேல் பூட்டியிருக்கும் தொலைநோக்கியின் விளிம்பு பின்னால் வந்து வெட்டியிருக்கிறது. வேட்டைக்காரர் அதைக் கண்ணாடி என்றுதான் சொல்வார்கள்.

"நோகுதோ?"

"வெட்கம்தான் கூட நோகுது. எல்லாருக்கும் முன்னால ரத்தம் வடிய நிண்டனான்."

யதுசா ஜெர்மனியில் ஓடன்வால்ட் காட்டில் வனத்துறை அதிகாரி. மதீசன் டார்ம்ஸ்டாட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். காட்டுப்பன்றிகள் பெருகிச் சோள வயல்களை உழுது போடும் பகுதி அது. இலை உதிர்ந்ததும் ஆட்களும் நாய்களும் பற்றைகளிலிருந்து பன்றிகளைக் கலைக்க, துவக்கு வைத்திருப்பவர்கள் தங்கள் தங்கள் இடத்தில் காத்து நிற்கும் கூட்டு வேட்டைகள் நடக்கும். அது அவளுடைய வேலையில் ஒரு பகுதி. அவளுடைய துவக்கு பெரிய தோட்டா போடுவது. கனத்த ஆண்பன்றியையும் நின்ற இடத்தில் விழுத்தும். சுடுகிறவரின் தோளையும் அதற்கேற்றபடி உதைக்கும். ஓய்வுபெற்றுப் போன அதிகாரி ஒருவரிடம், மேலிருந்த தொலைநோக்கியோடு சேர்த்தே வாங்கியிருந்தாள்.

அந்தத் துவக்கை மதீசன் ஒருநாளும் கிட்ட நின்று பார்த்ததில்லை. அவன் பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். வந்ததற்கு முந்திய வருடங்களைப் பற்றி அவன் கதைப்பது குறைவு. வெடிச் சத்தம் கேட்டால் அவனுடைய கைகள் குளிர்ந்துவிடும். கலியாணத்துக்கு முன்பே யதுசாவுக்கு அது தெரியும். வருடப் பிறப்பன்று ஊரெல்லாம் வாணம் விடும்போது இருவரும் குளியலறைக்குள் காற்றாடியைப் போட்டுக்கொண்டு நிலத்தில் இருந்து சீட்டு விளையாடுவார்கள். துவக்கு நிலவறையில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். சாவி அவளிடம் மட்டும். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

தையல் பிரித்து இரண்டு கிழமையில் அடுத்த வேட்டை வந்தது. அன்று அவளுடைய கார் வந்து நின்ற சத்தம் கேட்டு மதீசன் கேத்திலில் தண்ணீர் வைத்தான். தண்ணீர் கொதித்து ஆறியும் அவள் உள்ளே வரவில்லை. யன்னலால் பார்த்தான். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். அவன் வீட்டுச் செருப்போடு போய்ப் பக்கத்து ஆசனத்தில் ஏறி இருந்தான். காருக்குள் ஈரச் சேறும் பைன் பிசினும் மணத்தன.

அவளாகவே சொன்னாள். "நாப்பது மீற்றர்தான் இருக்கும். தவறவிடக்கூடாத வெடி. விசையை அமத்தேக்க கண்ணை மூடிப்போட்டன், மதீ. பின்தொடையில பட்டுப் பன்றி ஓடிட்டுது. பென்ஜமின் நாயோட மூண்டு மணித்தியாலம் தேடினவன். கண்டுபிடிக்கேக்க அது உயிரோட இருந்தது."

பென்ஜமின் அவளோடு வேலை செய்பவன். காயப்பட்ட மிருகத்தைத் தேடிப் போக நாய் பழக்கி வைத்திருப்பவன்.

"அவன் என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் தாங்கேலாமல் இருக்கு. இனி நான் துவக்கைத் தூக்க மாட்டன். வேற இடத்துக்கு மாத்தித் தரச்சொல்லி Antrag எழுதப்போறன்."

அவள் காட்டை விட்டு ஓர் அலுவலக மேசையில் இருப்பதை நினைத்துப் பார்க்க அவனால் முடியவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் கேட்டான்.

"சுடேக்க உம்மட கண்ணுக்கும் அந்தக் கண்ணாடிக்கும் இடையில எவ்வளவு தூரம் இருக்கும்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "தெரியாது. ஏன்?"

"சும்மா கேட்டனான். வாரும், குளிருது."

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாடு முடிய மதீசன், "அதை ஒருக்கா மேல கொண்டுவாரும்" என்றான். எதை என்று அவள் கேட்கவில்லை. அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிலவறைக்கு இறங்கினாள். தோட்டா எதுவும் இல்லை என்று அவன் கண்ணுக்கு முன்னால் இரண்டு தரம் திறந்து காட்டினாள். அவன் துவக்கைத் தொடவில்லை. கடையில் கண்மணிகளின் இடைவெளியை அளக்கும் சின்ன அளவுகோலை மட்டும் எடுத்து வைத்திருந்தான்.

"வேட்டை ஜாக்கெட்டைப் போடும். கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமாப் பிடிக்கிற மாதிரிப் பிடியும். இப்ப திறவும். என்ன தெரியுது?"

"சுத்திவரக் கறுப்பு. நடுவில மட்டும் கொஞ்சம்."

"முழுசாத் தெரியப் பண்ணும்."

அவள் கழுத்தை முன்னுக்கு நீட்டினாள். அவன் குனிந்து அளந்தான். ஆறரை சென்ரிமீற்றர். முழந்தாளிட்டு மேல்நோக்கிப் பிடிக்கச் சொல்லி அளந்தான். ஐந்தரை. துவக்கு உதைத்துப் பின்னால் வர அந்த இடைவெளி போதாது.

"யது, இது உம்மட பிழையில்லை. இந்தக் கண்ணாடி உம்மைக் கிட்ட வா எண்டு கேக்குது. கிட்டப் போனா அடிக்குது. கண் எத்தினை நாளைக்குப் பொறுக்கும்? அது தன்னைக் காப்பாத்தத்தான் மூடுது."

அவள் துவக்கை மேசையில் வைத்துவிட்டு இருந்தாள். வெகுநேரம் புருவத்துத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள். அன்று இடமாற்ற விண்ணப்பம் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை இருவரும் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு எர்பாக் பக்கத்தில் ஒரு துவக்குக் கடைக்குப் போனார்கள். கடைக்காரி கெஸ்லர் என்ற பெண், அறுபது வயதிருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தொலைநோக்கிகளில் மிகப் பெரியதை முதலில் எடுத்து வைத்தாள். பன்னிரண்டு மடங்கு பெருப்பிக்கும், மங்கல் வெளிச்சத்திலும் துலக்கமாக இருக்கும் என்றாள்.

"இதுக்குக் கண் எவ்வளவு தூரத்தில் இருக்கவேண்டும்?" என்று மதீசன் ஜெர்மனில் கேட்டான்.

கடைக்காரி ஒரு தரம் அவனையும் பிறகு யதுசாவின் புருவத்தையும் பார்த்தாள். பெரியதை எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

"முதலிலேயே அதைச் சொல்லியிருக்கலாமே," என்று கீழ்த்தட்டிலிருந்து இரண்டு சிறியவற்றை எடுத்தாள். ஒன்று, ஒரு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை. மற்றது நான்கு மடங்கு வரை மட்டும்.

யதுசா ஆறு மடங்கைக் கையில் எடுத்தாள். அவளுக்கு அதில்தான் மனம் இருந்தது. "எப்பவாவது நூற்றைம்பது மீற்றரில ஒண்டு நிண்டா என்ன செய்யிறது?"

"இந்தத் துவக்கால இதுவரைக்கும் ஆகத் தூரத்தில சுட்டது எவ்வளவு?"

அவள் யோசித்தாள். "எழுபது."

"அப்ப?"

"எண்டாலும், இருந்தா நல்லம்தானே."

கடைக்காரி இரண்டையும் மாறி மாறித் துவக்கில் வைத்துப் பிடித்துக் காட்டினாள். ஆறு மடங்குக்குத் திருப்பியபோது யதுசாவின் தலை ஒரு மயிரளவு அசைந்தாலும் படம் கறுத்தது. கழுத்து தானாக முன்னுக்குப் போனது. மதீசன் அவளுடைய தோளில் ஒரு விரலை வைத்தான். அவளே உணர்ந்துகொண்டாள். நான்கு மடங்குக் கண்ணாடியில் கண் ஒன்பதரை சென்ரிமீற்றர் தள்ளி இருந்தும் படம் முழுதாகத் தெரிந்தது. ஒரு மடங்கில் வைத்து இரண்டு கண்ணையும் திறந்து பிடித்தபோது, யன்னலுக்கு வெளியே வீதி முழுவதும், சைக்கிளில் போன ஒரு கிழவரும் அவருடைய பின்கூடையில் இருந்த லீக்ஸ் கட்டும்கூட, அப்படியே தெரிந்தன.

"இது பாரமும் குறைவு," என்றாள் யதுசா. "இதையே எடுப்பம்."

கெஸ்லர் அதைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்: "கண்ணாடி மாற்றினால் மட்டும் போதாது. கண்ணுக்கு இன்னும் தெரியாது, அடி வராதென்று. ஒருவர் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவில் வெடிக்காத வெற்றுத் தோட்டாவையும் கலந்து போட்டுத் தரவேண்டும். இன்னொருவர் பக்கத்தில் இருந்து கண்ணைப் பார்க்கவேண்டும்."

காரில் ஏறியதும் யதுசா, "பென்ஜமின் தோட்டா போட்டுத் தருவான். கண்ணை அவனே பாக்கட்டும்" என்றாள்.

"அவனுக்குக் கண்ணைப் பற்றி என்ன தெரியும்? நான் வாறன்."

"வேண்டாம். சுடுற இடம் மூடின கட்டடம், சத்தம் எதிரொலிக்கும். உங்களால ஏலாது."

"ஏலுமோ ஏலாதோ எண்டு எனக்கும் தெரியாது. போய்ப் பாப்பம்."

சனிக்கிழமை சுடுமிடத்தில் வேறு மூன்று பேர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மதீசன் காதுக்குள் பஞ்சு வைத்து, அதற்கு மேல் காதுமூடியும் போட்டிருந்தான். பக்கத்துத் தடத்தில் முதல் வெடி வெடித்தபோது அது காதால் வரவில்லை. நிலத்தால் ஏறி நெஞ்சுக்குள் வந்தது. அவன் கதிரையின் கீழ்ச்சட்டத்தை இறுக்கிப் பிடித்தான். யதுசா துவக்கைக் கீழே வைத்தாள்.

"போவம், மதீ."

அவன் தலையை ஆட்டி மறுத்தான். "சுடும்."

பென்ஜமின் எதைப் போட்டான் என்று காட்டாமல் கொடுத்தான். அவள் அமத்தினாள். கிளிக் என்று மட்டும் கேட்டது, வெற்றுத் தோட்டா. ஆனால் அவளுடைய இமைகள் இறுக மூடி, தோள் முன்னுக்குத் துள்ளியிருந்தது.

"மூடிட்டுது," என்றான் மதீசன்.

இரண்டாவதும் மூடியது. மூன்றாவது உண்மைத் தோட்டா. அந்தச் சத்தத்தில் அவன் தன் கவனத்தை எதிலாவது நிறுத்தி வைக்கவேண்டியிருந்தது. அவளுடைய கண்ணில் நிறுத்தினான். மண்ணிறக் கருவிழி, அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. பன்னிரண்டு வருடம் பார்த்த கண்தான். தொலைநோக்கியின் விளிம்பு அவளுடைய புருவத்தை நோக்கி வந்து, மூன்று விரல் இடைவெளியில் நின்று, திரும்பிப் போனதை அவன் கண்டான்.

"அடிக்கேல்லை. நான் பாத்தனான். உம்மில முட்டேல்லை."

அவள் திரும்பாமலே ஒரு கையை நீட்டி அவனுடைய முழங்காலில் வைத்தாள். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பென்ஜமின் தோட்டாப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பதினோராவது தரம் அமத்தியபோது கிளிக் என்றது. கண் திறந்தபடியே இருந்தது.

"திறந்திருக்கு," என்றான் மதீசன்.

அடுத்த இரண்டு உண்மைத் தோட்டாக்களுக்கும் கண் மூடவில்லை. அவன் எழுந்து வெளியே போனான். வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் குனிந்து சத்தி எடுத்தான். யதுசா ஓடிவந்து முதுகைத் தடவினாள். அழுதது அவள்தான்.

"இனி இதுக்கு வராதேங்கோ. எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ."

"இல்லை, வரமாட்டன்," என்று வாயைத் துடைத்தான். "ஒருக்காப் போதும். இஞ்ச சூப் எங்கயாவது கிடைக்குமோ?"

ஜனவரி நடுவில் அந்தக் குளிர்காலத்தின் கடைசி வேட்டை நடந்தது. அன்று மதீசன் கடையில் ஒரு வயதானவருக்குக் கண்ணாடிச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அவரிடம் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு பின்னறைக்குப் போனான்.

"மதீ, வேலையோ?"

"பரவாயில்லை. சொல்லும்."

"ஒண்டு சுட்டனான். தனிய வந்த இளம் பன்றி. விழுந்த இடத்திலயே முடிஞ்சுது. பென்ஜமின்ட நாய்க்கு வேலை இல்லை." மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா அதைச் சொல்ல எடுக்கேல்லை" என்றாள்.

"பிறகென்ன?"

"அதுக்கு முதல் ஒரு பெரிய பன்றி நேரா முன்னால வந்து நிண்டது. முப்பது மீற்றர். விரல் வைச்சிட்டன். பழைய கண்ணாடியெண்டா அதின்ட உடம்பு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். இண்டைக்குப் பின்னால பன்னப் பற்றை அசையிறதும் தெரிஞ்சுது. குட்டியள், மதீ. இந்தக் குளிருக்குள்ள, கோடு போட்ட குட்டியள். அது அம்மா. நான் விரலை எடுத்திட்டன். அதுகள் வரிசையா வீதியைக் கடந்து போகுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவன் சுவரில் சாய்ந்தான். வெளியே வாடிக்கையாளர் கண்ணாடியைப் போட்டுப் போட்டுக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை குட்டி?"

"ஆறு எண்ணினனான். ஏழாவது ஒண்டும் இருந்திருக்கலாம். கொஞ்சம் பிந்தி ஓடினது, பற்றைக்குள்ள வடிவாத் தெரியேல்லை."

"ஏழெண்டே வைச்சுக்கொள்ளுவம்," என்றான் மதீசன்.