புகார் தீர்க்கப்பட்டது

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து, நூற்றைம்பது பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துச் சோறு போட்டவள் நான். கரண்டியால் அண்டாவில் ஒரு தட்டுத் தட்டினால் கூடமே கப்சிப்பென்று அடங்கிவிடும். அப்படிப்பட்டவளை மூன்று வாரமாக ஒரு டிவி கம்பெனி அலையவிட்டு அழவும் வைத்தது.

டிவி எனக்கில்லை. சீரியல் பார்க்கிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. டிவி வேண்டியிருந்தது என் வீட்டுக்காரருக்கு.

அருமைநாயகம் என்றால் தென்காசி பஸ் ஸ்டாண்டில் இப்போதும் நாலு பேருக்குத் தெரியும். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை என்று அந்தத் தடத்திலேயே இருபத்தெட்டு வருடம் கண்டக்டராக இருந்தவர். மேலகரத்தில் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் பஸ் போகும். சீசன் நாளில் படியில் தொங்குகிறவர்களை அவர் அதட்டுவது அடுப்படியில் இருக்கிற எனக்குக் கேட்கும். ஏறுகிறவர்கள் எல்லாரும், "அண்ணாச்சி, நல்லாருக்கியளா?" என்பார்கள். இவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நல்லாருக்கோம், உள்ள போங்க" என்பார். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது சொல்லியிருப்பார். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்த அன்றைக்கும் அதே பதில்தான்.

அந்த வாய் போன தை மாதம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரைக்கும் போவார். பேச்சு மட்டும் வரவில்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு வழி சொன்னாள். "தினமும் காலைல ஏழு மணி நியூஸ் போடுங்கம்மா. வாசிக்கிறவங்க கூடவே சாரும் சொல்லிப் பாக்கட்டும். ஒரு நாள்கூட விட்டுறாதீங்க. விட்டா வந்ததும் போயிரும்."

நீயே சொல்லிக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்துப் பார்த்தேன். "தண்ணின்னு சொல்லுங்க" என்பேன். மனுஷன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வாய் குழறுவதை என் முன்னால் காட்ட அவருக்கு வெட்கம். ஓசூரிலிருந்து மகள் போனில் சொல்லிக் கொடுத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். செய்தி வாசிக்கிறவளிடம் அந்த வெட்கமெல்லாம் இல்லை. அவள் பாட்டுக்கு வாசிப்பாள், இவர் பாட்டுக்கு உதட்டை அசைப்பார். சித்திரை முடிவதற்குள் இரண்டு வார்த்தை வந்தது. 'வணக்கம்' ஒன்று, 'மழை' ஒன்று. அவர் முதன்முதலாக 'மழை' என்று சொன்ன அன்றைக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. நான் கொல்லைப்புறம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வைகாசியில் ஒரு மத்தியானம் இடி விழுந்து டிவி கருகிப்போயிற்று.

மகள் அங்கிருந்தே ஏற்பாடு செய்து, தென்காசியில் ஒரு கடையிலிருந்து புது டிவி வந்து இறங்கியது. பெட்டியைத் திறக்கக் கூடாது, கம்பெனி ஆள் வந்துதான் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி கிடையாது என்று கொண்டுவந்தவன் சொன்னான். நாளைக்கு வருவார்கள் என்றான். ஒன்பது நாள் ஆயிற்று. பெட்டி நடுவீட்டில் கிடந்தது. தினமும் ஏழு மணிக்கு இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த அட்டைப்பெட்டிக்கு முன்னால் உட்காருவார்.

பத்தாம் நாள் விஜயசங்கர் என்று ஒருத்தன் வந்தான். முப்பது வயதிருக்கும். வந்ததிலிருந்து ஒரு காதில் போன். குற்றாலத்தில் ஏதோ ஒரு லாட்ஜில் சீசனுக்கு முன்னால் நாற்பது அறைக்கு டிவி மாட்ட வேண்டுமாம். அந்த மேனேஜர் இவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"ஆச்சி, ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதச் சொல்லுங்க."

"வேல முடியட்டுமே?"

"அந்த நம்பரப் போட்டாத்தான் வேலையே ஆரம்பிக்க முடியும் ஆச்சி."

சொன்னேன். வேலை முடிந்ததற்கு அடையாளமாகக் கொடுக்க வேண்டிய நம்பராம் அது. எனக்கு எங்கே தெரியும்? ரேஷன் கடையிலும் கைரேகை வைத்த பிறகுதானே அரிசி அளக்கிறான், அதுபோல் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுச் சுவர் பழைய காரைச் சுவர். ஓட்டை போட்டால் மண்ணாக உதிர்ந்தது. நாலு திருகாணி போட வேண்டிய இடத்தில் இரண்டைப் போட்டு டிவியைத் தொங்கவிட்டான். அது ஒரு பக்கம் சரிந்து நின்றது. "நிக்குமாய்யா இது?" என்றேன். "தொடாம இருந்தா நிக்கும்" என்றான். பழைய டிஷ் பெட்டியின் வயர் இந்த டிவிக்குச் சேரவில்லை, வேறு வயர் வேண்டும், அதோடு டெமோ காட்டுகிறவன் தனியாக வருவான் என்றான். டிவியை ஆன் பண்ணினான். திரையில் வரிசையாக மொழிகளின் பெயர் வந்து, 'மொழியைத் தேர்ந்தெடுக்கவும்' என்று நின்றது.

"இதுக்கு மேல வைஃபை இல்லாம போவாது ஆச்சி. டெமோக்காரன் பாத்துக்கிடுவான். யாரும் கை வச்சிராதிய, வாரண்டி போயிரும்."

"அவியளுக்கு நியூஸ் மட்டும் தெரிஞ்சாப் போதும்யா. பேச்சு வரணும்லா."

அவன் என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தான். "பேச்சு டிவில எங்கன ஆச்சி இருக்கு" என்று சிரித்துவிட்டுப் பைக்கை எடுத்தான். அந்தச் சிரிப்புக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும். வைக்காமல் விட்டது இன்றைக்கும் எனக்கு ஆற்றாமைதான்.

அவன் தெருமுனை திரும்புவதற்குள் போனில் செய்தி வந்துவிட்டது. 'உங்கள் டிவி வெற்றிகரமாக நிறுவப்பட்டது. நன்றி.'

அப்புறம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கடையில் போய்க் கத்தினேன். "விக்கது நாங்கம்மா, மாட்டுதது கம்பெனி" என்று கையை விரித்தார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று ஒரு மெஷின் சொன்னது. அழுத்தி அழுத்தி விரல் வலித்த பிறகு ஒருத்தி வருவாள், புகார் எண் தருவாள். மறுநாள் செய்தி வரும்: 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. புகார் தீர்க்கப்பட்டது.' நடக்க முடியாத மனுஷனை வைத்துக்கொண்டு நான் எந்த ஊருக்குப் போவேன்? பக்கத்து வீட்டுச் சொரிமுத்து அண்ணாச்சி வந்து பார்த்தார். "சரிஞ்சு நிக்கி மதினி, தொட்டா உளுந்திரும்போல. அப்புறம் நீங்க தொட்டதாலதான்னு சொல்லிருவானுவ" என்று அவரும் கையைக் கட்டிக்கொண்டார்.

இவர் மட்டும் காலையில் ஏழு மணி தவறாமல் உட்கார்ந்தார். எங்கே தலையில் விழுந்து தொலைக்குமோ என்று நாற்காலியை நான் தள்ளித் தள்ளிப் போடுவேன். மொழிகளின் பெயரையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் வாரம் உதடு அசைந்தது. இரண்டாவது வாரம் அசையவில்லை. சாரல் விழுந்த அன்றைக்கு ஜன்னலைக் காட்டி, "என்னது சொல்லுங்க, என்னது?" என்றேன். மழை என்ற வார்த்தை போய்விட்டிருந்தது. வணக்கமும் போய்விட்டது.

பெட்டி வந்திறங்கி இருபத்திரண்டாம் நாள் கொல்லையில் துணி துவைத்துவிட்டு வந்தேன். கட்டிலில் வைத்திருந்த என் பட்டன் போன் அவருடைய இடது கையில் இருந்தது. ஏதாவது பட்டனைத் தெரியாமல் அமுக்கியிருப்பார் என்று வாங்கி வைத்தேன். சாயங்காலம் செய்தி வந்தது: 'வாடிக்கையாளர் திருப்தி தெரிவித்துள்ளார். புகார் தீர்க்கப்பட்டது.'

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாரடா திருப்தி தெரிவித்தது? மறுநாள் விடிந்து ஒன்பது மணிக்கெல்லாம் போனைப் போட்டேன்.

"வணக்கம் மேடம், அலிமா பேசுறேன். உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"ஒதவியா? நீங்க ஒதவினது போதும் தாயி. திருப்தின்னு எவ சொன்னா? பேர் சொல்லு. நாக்கப் புடுங்கிக்கிடுத மாதிரி நான் கேக்கேன்."

அவள் எதையோ தட்டிப் பார்த்தாள். "மேடம், நேத்து காலைல பதினொன்னு பத்துக்கு எங்க ஆளு கால் பண்ணியிருக்காங்க. எல்லாம் நல்லாயிருக்கான்னு கேட்டதுக்கு, சார்தான் நல்லாருக்கோம்னு சொல்லியிருக்காங்க."

"எந்த சார்?"

"உங்க ஹஸ்பண்ட் மேடம்."

"ஏட்டி, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு. அவிய பேசமாட்டாவ. ஆறு மாசமாச்சு. வாயே வராது."

"இல்ல மேடம், ரெக்கார்டிங் இருக்கு. 'நல்லாருக்கோம், உள்ள போங்க'ன்னு சொல்லியிருக்காங்க. உள்ள போங்கன்னா என்னன்னு புரியலன்னு எங்க ஆளு குறிப்புல எழுதியிருக்காங்க."

இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "யம்மா," என்றேன். "எனக்கு டிவி வேண்டாம்மா. அந்த ரெக்கார்டிங்க மட்டும் போட்டுக் காட்டு தாயி. ஒரே ஒரு தடவ. நான் கேக்கணும்."

"சாரி மேடம். அத கஸ்டமருக்குப் போட எங்களுக்கு அனுமதி இல்ல."

"அவிய குரலுதானம்மா அது? எங்க வீட்டுக் குரலுதான?"

அவள் போனை வைக்கவில்லை.

"கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு அவரிடம் போனேன். எதிரில் நின்றேன். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் நான் அவரிடம் கேட்டிராத கேள்வி அது. கட்டினவள் கேட்கிற கேள்வியா? வழியில் பார்க்கிறவர்கள் கேட்பது. "நல்லாருக்கியளா?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

போனை எடுத்தேன். "நான் கேட்டா வரலம்மா. நீ கேளு. நான் அவிய காதுல வைக்கேன்."

ஸ்பீக்கரைப் போட்டு அவர் பக்கத்தில் பிடித்தேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம் சார். எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா?" என்று பாடம் ஒப்பிப்பதுபோல் கேட்டாள். அவர் அசையவில்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. போனை எடுக்கப் போனேன்.

அப்போது அந்தப் பெண்ணின் குரல் மாறியது. "அண்ணாச்சி," என்றது. "அண்ணாச்சி, நல்லாருக்கியளா?"

அவருடைய இடது கை மடியிலிருந்து எழுந்தது. டிக்கெட் கிழிக்கிற கட்டைவிரல் மேலும் கீழும் அசைந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே திறந்தது.

"நல்லாருக்கோம்," என்றார். "உள்ள... உள்ள போங்க."

பழைய கரகரப்பு கொஞ்சமும் மாறாமல் அப்படியே இருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அங்கே அந்தப் பெண்ணும் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஆச்சி, எனக்கும் நம்ம தென்காசிப் பக்கந்தான், கடையம்" என்றாள். "சென்னைக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. இங்க இப்படிப் பேசக் கூடாது. நான் புதுசா ஒரு புகார் போடுதேன். வயரு, சொவரு, எல்லாம் எழுதுதேன். நாளைக்கு ஆள் வருவாங்க ஆச்சி. அழாதிய."

"நீ நல்லாருப்ப தாயி" என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் ஆள் வரவில்லை. சரிந்த டிவியில் மொழிகளின் பெயர் நின்றது. இவர் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை. மத்தியானம் போன் முனகியது. ஓடிப்போய் எடுத்தேன்.

'அழைப்பில் வாடிக்கையாளர் நலமாக இருப்பதாகத் தெரிவித்தார். புகார் தீர்க்கப்பட்டது. நன்றி.'

போனைச் சுவரில் வீசியிருப்பேன். கை ஓங்கியும்விட்டேன். அதற்குள் அந்தப் பெண் மறுபடியும் கூப்பிட்டால் என்ற நினைப்பு வந்து கையைப் பிடித்தது. அவர் என்னவென்பதுபோல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணுமில்ல," என்றேன். "நாம நல்லாருக்கோமாம்."