அண்ணனுக்குக் கேட்ட கரகரப்பு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் வீட்டுப் பின்னறையில் மனைவி ஈயம் பற்றவைக்கும் புகையோடு வந்து என் கழுத்தைப் பிடித்தது. பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர்களைச் சரிசெய்து ஹாம் ரேடியோவில், அதாவது வீட்டிலிருந்தே அலைவழியாக வெளியூர் ஆட்களோடு, பேசுவது அவள் பைத்தியம். அவள் அண்ணனுக்கும் அதே பைத்தியம். இருவருக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை.

2

நான் எழுதிய தொடக்கம்: "வானம் இருண்டிருந்தது. அவள் மைக்கை..." (வானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அடித்தாயிற்று.)

இன்னொன்று: குரலைப் பெருக்கும் பக்கமும் அலையை அனுப்பும் பக்கமும் ஒத்துப்போக நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் உண்டு. கம்பியைத் தவறான முனையில் வைத்தால் இம்பீடன்ஸ், அதாவது ஓமில் அளக்கும் மின்தடுப்பு, பொருந்தாது, குரல் கரகரக்கும். முனைகளின் எழுத்து அழிந்திருந்ததால் அவள் கணக்குப் போட்டாள். சுற்றுகளின் விகிதத்தை வர்க்கப்படுத்த மறந்து...

(மனைவி படித்துவிட்டு, இதை அச்சில் போட்டால் இனிமேல் காபி கிடையாது என்றாள். ஆனால் மறந்தது உண்மை.)

3

அந்தக் கரகரப்போடு யாராவது கேட்கிறீர்களா என்று அவள் பொதுவாக அழைத்தபோது பதில் சொன்னவர் அண்ணன்.

"உன் குரல் கரகரங்குது. டிரான்ஸ்பார்மர் மேட்சிங்கைப் பாரு."

சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதன்பிறகு ஞாயிறுதோறும் எந்த முனை, எத்தனை ஓம் என்று அவர் விளக்குவார். இவள் தலையாட்டிக் கேட்பாள், ரேடியோவில் தலையாட்டல் தெரியும் என்பதுபோல.

4

முடிவு அ: குரல் தெளிகிறது. "தங்கச்சி" என்று அண்ணன் உடைந்து அழுகிறார். (எழுதும்போது நானும் அழுதேன். ஓம் கணக்கு சரி, அண்ணன்தான் தப்பு என்றாள்.)

முடிவு ஆ: டிரான்ஸ்பார்மர் எரிகிறது. (அரை நாள் என்னோடு பேசவில்லை.)

5

நடந்தது இது. நேற்று சோதித்துப் பார்த்தபோது குரல் சுத்தமாக வந்தது. கதை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன். இன்று, ஞாயிறு காலை, பார்த்தால் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, டிரான்ஸ்பார்மரின் அதே கம்பியைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள்.

"சரியாத்தானே இருந்துச்சு?" என்றேன். எரிச்சலை மறைக்கவில்லை.

"சரியாயிட்டா அண்ணன் அப்புறம் என்னத்தைங்க பேசுவான்?"

அப்போது தனியாக ஓடிக்கொண்டிருந்த ரிசீவரில் அண்ணன் அழைத்தார். பதில் இல்லை. மறுபடி அழைத்தார். கொஞ்சம் இடைவெளி விட்டு, வேறு குரலில்:

"எங்கேம்மா, ஆளைக் காணோம்? உடம்புக்கு ஏதாவதா?"

கம்பி அவள் கையில் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டுமானால் சரியான முனையிலோ தவறான முனையிலோ வைத்தாக வேண்டும். எதில் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு அலுத்துவிட்டது. இந்தாருங்கள், நீங்களே பற்றவையுங்கள். சீக்கிரம், அவர் காத்திருக்கிறார்.