பாலத்தடியில் நின்ற நீலக் கார்

ஷோனாவின் கோடை விடுமுறை ஜூலை மாதக் குளிரிலேயே தொடங்கிவிடும். பூமியின் தென்கோடியில், ஜூலை குளிரும் ஜனவரி வெயிலுமான இன்வர்கார்கிலில், வெளியே ஆலங்கட்டி மழை கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கும்போது, இவள் சமையலறை மேஜையில் மலைப்பக்கத்து வரைபடத்தை விரித்து உட்கார்ந்துவிடுவாள். ஜனவரியில் எந்த வாரம் சில்வண்டு கத்த ஆரம்பிக்கும், எந்தக் காற்றடித்தால் எந்த வளைவில் ஒதுங்கலாம், தூண்டிலில் எந்தப் பொய்ப்பூச்சியைக் கட்டலாம் என்று யோசனை ஓடும். அவளுக்குக் கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு வேலை. நாள் முழுக்க நாய் குரைக்கும், ஃபோன் அடிக்கும், இரண்டுக்கும் இவள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆற்றில் இறங்கிவிட்டால் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. வருஷத்தில் அவள் கேட்பது அப்படி ஒரே ஒரு காலை.

கொடுக்க மாட்டேன் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. புருஷன் பிரென்ட் வாய் நிறையக் கொடுப்பான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்களே, இங்கே பிரென்ட் சாமி என்றால் பூசாரிகள் மூன்று பேர்: மகள் டெஸ், மகன் ஆங்கஸ், பிரென்டின் அக்கா லியான். இதில் லியானுக்கு ஒரு மோட்டார் படகு வேறு இருந்தது.

இந்த வருஷமும் அப்படித்தான் போயிற்று. மலையடிவாரத்தில் அவர்களுக்கு ஒரு தகரக் கூரை கிரிப் உண்டு. விடுமுறைக்கு மட்டும் திறக்கிற வீடு. அங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து வடமேற்குக் காற்று பேய் மாதிரி அடித்தது. காற்று நின்ற அன்று ஆங்கஸ் அம்மாவின் தூண்டில் பெட்டியை நோண்டி, முள்ளைக் கட்டைவிரலில் ஏற்றிக்கொண்டான். அவனை டாக்டரிடம் கூட்டிப்போய் வந்ததில் அந்த நாள் தீர்ந்தது. அப்புறம் லியான் படகோடு வந்தாள். "குடும்பமா இருக்கத்தானே வந்திருக்கோம்" என்று எல்லோரையும் ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதற்கடுத்து மழை பெய்து ஹாரியட் ஆறு காப்பித் தண்ணீர் மாதிரி ஓடியது. தண்ணீர் தெளிந்தபோது விடுமுறையில் மிச்சமிருந்தது ஒரு சனிக்கிழமைதான். ஞாயிறு காலை ஊர் திரும்ப வேண்டும்.

அந்த ஆற்றுப் பாலத்துக்கு மேலே மூன்றாவது வளைவில் ஒரு தட்டைப் பாறை உண்டு. போன வருஷம் அங்கேதான், அதுவும் கிளம்ப நேரமாகிவிட்டது என்று டெஸ் கரையில் நின்று கத்திக்கொண்டிருக்கும்போது, ஒரு பெரிய ட்ரவுட் மீன் தூண்டில் கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. ஜூலையிலிருந்து ஷோனா வரைபடத்தில் பார்த்ததெல்லாம் அந்தப் பாறையைத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரென்டைக் காணோம். பார்பெக்யூவில் சாசேஜ் புரட்டுவது, பிள்ளைகளைக் குளிக்க விரட்டுவது, ஓடிப்போன லியானின் நாயைத் தேடுவது எல்லாம் ஷோனா தலையில் விழுந்தது. தட்டெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கையில், அவன் பீர் வாசனையோடு வந்து நின்றான். முகத்தில் ஒரு பூரிப்பு.

"எங்க போயிருந்த?"

"டெரி வீட்டுக்கு." டெரி பக்கத்து கிரிப்காரர்.

"வேலி தாண்டி இருக்கற வீட்டுக்குப் போய்ட்டு வர இவ்வளவு நேரமா?"

"ஷோனா, கேளு. நாளைக்குக் காலையில..."

"நாளைக்குங்கற பேச்சே உன் வாயில வரக் கூடாது."

"அட, ஒரு விஷயம் சொல்ல வர்றேன்..."

"போன வருஷமும் 'ஒரு விஷயம்'னுதான் ஆரம்பிச்ச. என்ன விஷயம்னு பார்த்தா உங்க அக்கா படகு. நாளைக்கு யாருக்கு முள்ளு குத்தினாலும், யார் தண்ணியில விழுந்தாலும், என்னைத் தேடக் கூடாது. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுப் போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிரென்ட், காலையில் அவளே பார்த்துக்கொள்வாள் என்று போய்விட்டான்.

சனிக்கிழமை விடியும் முன்பே ஷோனா எழுந்து, இன்ஜினைப் போட்டால் பிள்ளைகள் முழித்துவிடுமே என்று, காரைச் சரிவில் தானாக உருளவிட்டு, தெருவுக்கு வந்த பிறகுதான் சாவியைத் திருகினாள். சொந்த வீட்டிலிருந்து திருடி மாதிரி கிளம்ப வேண்டியிருந்தது. ஆனாலும் காற்றில்லை, மேகமில்லை, வேலிக் கம்பங்களில் ஒன்றிரண்டு சில்வண்டு அப்போதே சுருதி பிடிக்க ஆரம்பித்திருந்தது. மனசு லேசாகிவிட்டது.

பாலத்தடியில் ஒரு நீலக் கார் நின்றது.

அந்தப் பக்கத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. பாலத்தடியில் கார் நின்றால் மேல் ஆறு அந்தக் காருக்குச் சொந்தம். சின்ன ஆறு அது. கண்ணாடி மாதிரி தண்ணீர். முன்னால் ஒருத்தர் நடந்துவிட்டால் மீனெல்லாம் பாறைக்குள் போய்விடும், பின்னால் போகிறவர் கூழாங்கல்லை எண்ணிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். முதலில் வந்தவரின் காருக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு மேலே போகிறவனை அங்கே மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

ஷோனா ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டாள். முகம் தெரியாத அந்தக் கார்க்காரனின் வம்சத்தையே இழுத்துத் திட்டினாள். "தூக்கமே வராதா உனக்கு? பொண்டாட்டி பிள்ளை கிடையாதா?" என்று கார் கண்ணாடிக்குள்ளிருந்தே கத்தினாள். பிறகு, சட்டம் சட்டம்தான் என்று வண்டியைத் திருப்பினாள்.

வெகு தூரம் கீழே, ஆடு மேயும் வெளியில் ஆறு அகலமாக, சோம்பலாகக் கிடந்தது. அங்கே நடுப்பகல் வரை கோலை வீசிப் பார்த்தாள். ஒரு விலாங்கு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பாசியில் வழுக்கி இடுப்பு வரை நனைந்ததுதான் மிச்சம். பசியோடும் ஈரக் காலோடும் கிரிப்புக்குத் திரும்பினாள்.

வாசலிலேயே பிரென்ட் நின்றான், வாயெல்லாம் பல்லாக. பின்னால் லியான் சீஸ் ரோல் தட்டோடு நின்றாள்.

"எங்க மீனு? ராத்திரிக்கு ட்ரவுட்னு அடுப்பை எல்லாம் தேய்ச்சு வச்சிருக்கோம்," என்றாள் லியான். "கடையில வாங்கவும் முடியாது, விக்கறதே குத்தம். உன்னை நம்பித்தான் இருக்கோம்."

"ஒரு ஈ காக்கா இருந்திருக்காதே?" என்றான் பிரென்ட். "மேல் ஆறு முழுக்க உனக்கு மட்டும். எப்படி?"

"மேல யாரு போனா? எனக்கு முன்னாடியே ஒருத்தன் கொண்டுவந்து காரை நிறுத்திட்டான். பாழாப்போன நீலக் கார்."

பிரென்டின் முகத்தில் பல் ஒவ்வொன்றாக மறைந்தது. "நீலமா? பின்கதவுல பள்ளம் விழுந்து..."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அது டெரியோட கார், ஷோனா. ஷெட்டுக்குள்ள தார்பாய் போட்டு மூடி வச்சிருப்பாரே, அது. நேத்து அதைக் கெஞ்சிக் கிளப்பவே ரெண்டு மணி நேரமாச்சு. கொண்டுபோய் நிறுத்திட்டு நடந்து வந்தேன். கார் நின்னா வேற எவனும் போக மாட்டான்னு நீதானே சொல்லுவ? உனக்காக இடம் பிடிச்சு வச்சேன்."

லியானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தட்டிலிருந்த ரோல் ஒன்று நாய்க்குப் போயிற்று.

"சொல்லக் கூடாதா?" என்றாள் ஷோனா. குரல் கீச்சென்று போனது.

"சொல்ல வந்தேனே! நாளைக்குங்கற பேச்சே கூடாதுன்னியே!"

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் அவளைத் தடுத்திருந்தால் ஒரு நாள் முழுக்கத் திட்டலாம். ஆசையாகச் செய்திருக்கிறான், பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருக்கிறது, திட்டினால் இவள்தான் பொல்லாதவள்.

"அந்தக் காரை எடுத்துட்டு வரணுமில்ல?" என்றாள். "என்னைக் கொண்டுபோய் விடு. பெட்டி கட்டறது, கழிவறை கழுவறது, நாயைத் தேடறது எல்லாம் நீங்களே பாருங்க. நான் வர்றப்ப வருவேன்."

காற்று இன்னும் எழவில்லை. ஒரு வளைவுக்காவது நேரமிருக்கிறது, அந்த மூன்றாவது வளைவுக்காவது. பிரென்ட் அவளைப் பாலத்தருகில் இறக்கிவிட்டு, நீலக் காரின் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

நீலக் காருக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றது. பாலத்துக் கட்டையில் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், தூண்டில் கோலைச் சாய்த்துவைத்துவிட்டு, மணல் ஈயை விரட்டிக்கொண்டு சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். ஷோனா சாவியை எடுத்ததும் எழுந்தாள்.

"ஓ, இது உங்க காரா? நான் பிரையோனி, கோர் டவுன்லேர்ந்து வர்றேன். காலையிலயே வந்துட்டேன். மேல நீங்க இருக்கீங்கன்னு பாலத்துக்குக் கீழயே கொஞ்ச தூரம் நடந்து பார்த்தேன், ஆட்டுப் புழுக்கைதான் கெடைச்சுது. சரி, நீங்க இறங்கி வந்ததும் கேட்டுட்டு மேல போலாம்னு உட்கார்ந்திருக்கேன். எப்படி இருந்தது?"

சாப்பிடப் போய்விட்டுத் திரும்புகிறேன், மறுபடி மேலேதான் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கையில் சாவி இருக்கிறது, கார் இருக்கிறது, பொய்யில் பாதியைப் பிரென்ட் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தான். வாய் திறந்தும்விட்டது. ஆனால் காலை முழுக்க எவனைத் திட்டித் தீர்த்தாளோ அவனாகவே மாற அவளால் முடியவில்லை.

"மேல யாருமே போகல," என்றாள். "எனக்கு இடம் பிடிக்கறேன்னு என் புருஷன் நேத்தே கொண்டுவந்து போட்டிருக்கான். எனக்கே தெரியாது. நானே பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்."

பிரையோனி மெல்லுவதை நிறுத்தினாள். "அப்ப இது காலையிலேர்ந்து சும்மா நின்னுதா?"

"சும்மாதான்."

"எனக்கு இந்த மாசத்துல ஒரு நாள்தான் லீவு."

"எனக்கு வருஷத்துலயே ஒரு காலைதான். உங்களுக்கு முன்னாடியே வந்தேன். விடியறதுக்குள்ள."

"வந்துட்டுப் போயிட்டீங்களே. நான் இங்கயே இருந்தேன்."

சேர்ந்து போகலாமா என்று இருந்தவர் கேட்கலாம், வந்தவர் கேட்கக் கூடாது. அதுவும் அங்கத்து வழக்கம்தான். பிரையோனி கேட்கவில்லை. ஏமாந்த ஆத்திரம் அவளுக்கும் இருக்காதா? சாண்ட்விச் காகிதத்தைச் சுருட்டிப் பையில் போட்டாள், கோலை எடுத்தாள், மேலே நடந்தாள்.

ஷோனா டெரியின் காருக்குள் உட்கார்ந்தாள். கிரிப்புக்குப் போனால் பெட்டி கட்ட வேண்டும், லியானின் முகத்தைப் பார்க்க வேண்டும். இங்கே உட்கார்ந்து காற்றையாவது கூப்பிடலாம் என்று கூப்பிட்டாள். வாடா, அத்தனை நாள் அடித்தாயே, இப்போது வந்து அவள் தூண்டிலைப் பிய்த்துக்கொண்டு போ என்று வெட்கமில்லாமல் வேண்டினாள். இலை அசையவில்லை. அந்த விடுமுறையில் ஆற்றோரம் அவள் கண்ட காற்றில்லாத மத்தியானம் அது ஒன்றுதான். சில்வண்டுகள் காது கிழியக் கத்தின. மேலே ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்துகொண்டிருக்கும், மீன் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும் என்று ஷோனாவுக்குத் தெரியும்.

பிரையோனி இறங்கி வந்தபோது மலை நிழல் பாலத்தைத் தொட்டிருந்தது. கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு பழுப்பு ட்ரவுட்.

"எங்க கெடைச்சுது?" கேட்காமல் இருந்திருக்கலாம்.

"மூணாவது வளைவு. ஒரு தட்டைப் பாறை இருக்கு பாருங்க, அதுக்குக் கீழ."

போன வருஷத்து மீன்தானா என்று யாருக்குத் தெரியும். மீனுக்கு என்ன பெயரா எழுதியிருக்கிறது. ஷோனா அதன் முதுகுப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோபத்துல போயிட்டேன்," என்றாள் பிரையோனி. "கூப்பிட்டிருக்கணும். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வீசியிருக்கலாம். மேல போனதும் தோணுச்சு, திரும்பி வர மனசு வரல. இதை நீங்க எடுத்துக்கங்க."

நீட்டிய கையில் மீன் பளபளத்தது. லியான் தேய்த்து வைத்த அடுப்பு, எலுமிச்சை, வெண்ணெய் எல்லாம் ஷோனாவின் கண்ணில் ஓடின. கூடவே பிரென்டும் வந்தான். மீனைச் செவுளில் விரலைக் கோத்துத் தூக்கிப் பிடித்து ஃபோட்டோவுக்கு நிற்பான். "நான் அப்பவே சொன்னேன்ல? அந்தக் காரைப் போட்டது வீண் போகல!" அடுத்த கிறிஸ்துமஸுக்குச் சொல்வான், டெஸ் கல்யாணத்திலும் எழுந்து நின்று சொல்வான். யார் பிடித்த மீன் என்று இவள் ஆயிரம் தடவை சொன்னாலும் எவர் காதிலும் ஏறாது.

"வேண்டாங்க," என்றாள். "நீங்களே சாப்பிடுங்க."

"நெஜமாவா?"

"நெஜமாதான். சீக்கிரம் கொண்டுபோயிடுங்க, மனசு மாறிடும்."

வெள்ளைக் கார் போன பிறகுதான் நீலக் காரைக் கிளப்பினாள். அது இருமி, தும்மி, கிளம்பியது.

கிரிப் வாசலில் பெட்டிகள் கோணல்மாணலாக அடுக்கியிருந்தன. பிரென்ட் ஓடிவந்து முதலில் அவள் கையைப் பார்த்தான், பிறகு காருக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணுமே கெடைக்கலையா?"

"ஒண்ணுமே கெடைக்கல."

"அடச்சே," என்றான் பிரென்ட், முகம் தொங்கிப்போய். "அப்ப நான் காரைக் கொண்டுபோய் நிறுத்தினதே வீணா?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் ஒரு மீனை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஆமா, வீண்தான்," என்று சாவியை அவன் கையில் வைத்துவிட்டு, பெட்டிகளைச் சரியாக அடுக்கப் போனாள்.